நாம் போகும் வழி எவர் கையில்?

(கொழும்பு வெள்ளவத்தையில், தொழில்துறையினரும் வணிகரும் மாணவரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடைகளில் மொழியுரிமை பற்றிப் பேசியிருக்கிறோம். காணியுரிமை பற்றிப் பேசியிருக்கிறோம். சிறையில் வாடும் இளைஞர் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் சட்டைப் பைக்குள்ளேயும் கைப்பைக்குள்ளேயும் இருக்கின்றது. கைத்தொலைபேசியைச் சொல்கிறேன். அதில் ஒரு செயலியைத் தொட்டு வாடகை வண்டியை அழைக்கிறோம். மற்றொன்றைத் தொட்டு உணவை வரவழைக்கிறோம். வண்டியும் வருகிறது, உணவும் வருகிறது. ஆனால் நாம் எங்கிருந்து புறப்பட்டோம், எங்கே இறங்கினோம், எத்தனை மணிக்குச் சென்றோம், எத்தனை முறை சென்றோம் என்ற கணக்கு நம்மிடம் இருப்பதைவிடத் தெளிவாகப் பிறரிடம் இருக்கின்றது. அக்கணக்கின் உரிமையாளர் யார்? அதைத் திறந்து பார்க்கும் அதிகாரம் எவருக்கு உண்டு? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இன்றைய நோக்கம்.

இது வசதி படைத்தோரின் வீண் கவலை என்று சிலர் நினைக்கலாம். இந்நாட்டில் தமிழராய்ப் பிறந்தவருக்கு இது வீண் கவலையன்று என்பதைச் சரித்திரத்தைக் கொண்டே நிறுவுவேன்.

பட்டியல்களின் சரித்திரம்

1983ஆம் ஆண்டு யூலை மாதம் 24ஆந் திகதி இரவு தொடங்கிய கொடுமையை இங்குள்ள மூத்தோர் கண்ணாற் கண்டவர்கள். காலி வீதியின் இருமருங்கிலும் கடைகள் எரிந்தன. இந்த வெள்ளவத்தையின் ஒழுங்கைகளுக்குள் கும்பல்கள் நுழைந்தபோது, எந்த வீடு தமிழருடையது, எந்த வீடு அல்ல என்று அவை தேடித் திரியவில்லை. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்பது பலராலும் பதிவு செய்யப்பட்ட உண்மை. வாக்காளர் இடாப்பு எதற்காக எழுதப்பட்டது? குடிமகன் தன் வாக்கைச் செலுத்துவதற்காக. சனநாயகத்தின் முதற் புத்தகம் என்று அதைச் சொல்லலாம். அந்தப் புத்தகமே தீப்பந்தம் பிடித்தவனுக்கு வழிகாட்டியாயிற்று.

அடுத்து, 2007ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆந் திகதி. அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளிலே தங்கியிருந்த தமிழரைப் பொலிஸார் எழுப்பினர். மருத்துவத்துக்கு வந்தவர், வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் என்று 376 பேரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் மேல் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை நாடெங்கும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் உரிமை தருகிறது. அன்றைய பிரதமர் பின்னர் வருத்தமும் தெரிவித்தார். வருத்தம் ஒருபுறம் இருக்கட்டும். விடுதிப் பதிவேடும் பொலிஸ் பதிவும் இருந்த நகரத்தில், எவர் எங்கே உறங்குகிறார் என்று அறிவது எத்தனை எளிதாயிருந்தது என்பதையே நான் நினைவூட்டுகிறேன். 2008 செப்டம்பரிலே, முந்திய ஐந்தாண்டுகளுள் வட மாவட்டங்களிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தோர் அனைவரும் பதிவு செய்யவேண்டும் என்ற கட்டளையும் பிறந்தது. வரிசையில் நின்று பெயர் கொடுத்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விதியுமன்று. ஒல்லாந்து தேசத்தில் குடிமக்கட் பதிவேடு மிகச் செம்மையாகப் பேணப்பட்டு வந்தது. செர்மானிய நாசிப் படை அந்நாட்டைக் கைப்பற்றியபோது, அதே பதிவேடு யூதரைத் தேடிப் பிடிக்கும் கருவியாயிற்று. 1943 மார்ச் 27ஆந் திகதி அம்ஸ்ரடாம் நகரின் பதிவகத்துக்குள் விடுதலை வீரர் சிலர் புகுந்து குண்டு வைத்து ஏடுகளை அழிக்க முயன்றனர். துப்பாக்கிக் கிடங்கைவிட்டு, காகிதக் கட்டுகள் அடுக்கிய கட்டடத்துக்கு ஏன் குண்டு வைத்தார்கள்? ஆபத்து அங்கேதான் உறங்கியது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஒரு நோக்கத்துக்காக எழுதப்பட்ட பட்டியல் மற்றொரு நோக்கத்துக்குப் பயன்படும் என்பதே இச்சம்பவங்கள் தரும் பாடம். பட்டியலை எழுதியவன் நல்லவனாய் இருக்கலாம். அதை நாளை திறப்பவன் எத்தகையவன் என்று எழுதியவனுக்கே தெரியாது.

வேலை செய்யும் விதம்

இப்போது நம் கைத்தொலைபேசிக்கு வருவோம். வானத்துச் செய்மதி நம்மை உற்று நோக்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். செய்மதிகள் நேரக் குறிப்போடு கூடிய சமிக்ஞைகளை ஓயாது அனுப்பிக்கொண்டிருக்கின்றன. தொலைபேசி அவற்றைப் பெற்றுத் தான் நிற்கும் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. செய்மதிக்கு நம் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. கணக்கிட்ட இடத்தை இணையத்தின் வழியே நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்வது நம் தொலைபேசியில் நாம் இடமளித்த செயலி. ஆகவே, காட்டிக்கொடுப்பது வானத்தில் இல்லை, பையில் இருக்கின்றது. அதற்கு அனுமதி கொடுத்ததும் நம் விரல்தான்.

2015ஆம் ஆண்டில் உள்நாட்டு நிறுவனமாகிய பிக்மீ கொழும்பில் தொழில் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்க நிறுவனமாகிய ஊபரும் வந்தது. அவற்றால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. முன்பு முச்சக்கர வண்டிக்காரரோடு கூலி பேசிப் பேசித் தொண்டை வறண்டவர்கள் நாம். இன்று கட்டணம் முன்கூட்டியே தெரிகிறது. சிங்களம் சரளமாக வராத முதியவர் ஒருவர் வாய் திறவாமலே கொட்டாஞ்சேனையிலிருந்து தேசிய வைத்தியசாலைக்குச் சென்று திரும்பலாம்.

ஆயினும் அந்தப் பயணங்களைக் கோவைப்படுத்திப் பாருங்கள். வெள்ளிதோறும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போனால் சமயம் தெரிந்துவிடும். மாதமொருமுறை மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனால் நோய் தெரிந்துவிடும். புதுக்கடையில் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனால் வழக்கு உண்டென்று தெரிந்துவிடும். கட்சிக் காரியாலயத்துக்குப் போனால் அரசியல் தெரிந்துவிடும். கட்சிக்காரர் தம் சட்டத்தரணியிடம் சொன்னதை வெளியிடலாகாது என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் காவல் செய்து வைத்திருக்கின்றது. அவர் என்ன சொன்னார் என்பதற்குக் காவல் உண்டு. அவர் வந்துபோன வழியின் பதிவுக்கு அந்தக் காவல் இல்லை. பெயரைப் பார்த்தவுடன் இனத்தைச் சொல்லிவிடும் நாடு இது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அயல்நாட்டு அனுபவம்

நிறுவனங்கள் தாமே ஒழுங்காய் நடந்துகொள்ளும் என்று நம்பியிருக்கலாமா? ஊபரின் அமெரிக்க வரலாற்றைப் பார்ப்போம். அந்நிறுவனத்தில் பயணிகளும் வண்டிகளும் எங்கெங்கே நகருகின்றனர் என்பதை ஊழியர் பார்க்கத்தக்க கருவி ஒன்று இருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கடவுளின் பார்வை’ என்று பொருள்படுவது. 2014ஆம் ஆண்டில், பெண் பத்திரிகையாளர் ஒருவர் பேட்டிக்காக நியூயோர்க் அலுவலகத்துக்கு வந்து சேருமுன்னரே, அவர் வரும் வழியை அங்கிருந்த அதிகாரி தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற செய்தி அம்பலமாயிற்று. நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் தலையிட்டார். 2016 சனவரியில் ஏற்பட்ட இணக்கத்தின்படி நிறுவனம் 20,000 டொலர் செலுத்தியது; பயணிகளின் இருப்பிடத் தகவலை இரகசியக் குறியீட்டில் வைத்து, அதைப் பார்ப்போரைக் கட்டுப்படுத்தவும் உடன்பட்டது.

அத்துடன் முடியவில்லை. 2016 இறுதியில், பயணம் முடிந்து ஐந்து நிமிடம் வரையும் பயணியின் இருப்பிடத்தை அறிய அந்தச் செயலி அனுமதி கேட்டது. எதிர்ப்பெழுந்து, 2017 ஓகஸ்டில் அது கைவிடப்பட்டது. அதே 2016இல் ஐந்து கோடியே எழுபது இலட்சம் பேரின் விபரங்கள் திருடுபோயின. திருடியவர்களுக்கு ஓரிலட்சம் டொலர் கொடுத்து, ஓராண்டு காலம் செய்தியை மூடிவைத்தனர். அந்த மறைப்புக்காக அந்நிறுவனத்தின் முன்னாள் பாதுகாப்புத் தலைமை அதிகாரி 2022இல் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். 2024 ஓகஸ்டில், ஐரோப்பியச் சாரதிகளின் இருப்பிடம், அடையாளப் பத்திரம் முதலிய விபரங்களைப் போதிய காப்பின்றி அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக ஒல்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 29 கோடி யூரோ தண்டம் விதித்தது.

இவற்றை ஒரு நிறுவனத்தின் மேல் வசைபாடுவதற்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் திருத்தம் எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். சட்டமா அதிபரிடமிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் அதிகாரசபையிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் வந்தது. கேட்பார் இருந்த இடத்தில் நிறுவனம் திருந்தியது. நம் நாட்டில் கேட்பார் யார்?

மறுபக்கத்து நியாயம்

வழக்கை நடத்துபவன் எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். ஆகவே சொல்கிறேன்: இருப்பிடம் அறிதலே தீமை என்று நான் கூறவில்லை.

இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து இராசகிரியவிலிருந்து தனியே வரும் மகளின் வண்டி எந்தச் சந்தியில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அந்தச் சிறு படம் பெரும் ஆறுதல். வண்டிக்குள் மறந்துவிட்ட பொருளைத் தேடிப் பெறுவதற்கும், பயணியிடம் தகாதவாறு நடந்த சாரதியைக் கண்டுபிடிப்பதற்கும், சாரதியைத் தாக்கிய பயணியைப் பிடிப்பதற்கும் பதிவு வேண்டும். பதிவே இல்லையானால் குற்றவாளிக்கே கொண்டாட்டம்.

அரசாங்கத் தரப்பு இன்னும் வலுவான வாதத்தை வைக்கும். 2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைக்கு அடுத்துள்ள கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் பிற இடங்களிலும் குண்டு வெடித்ததை மறந்தீர்களா, எவர் எங்கே போகிறார் என்று அரசுக்குத் தெரிந்திருந்தால் அந்த உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாமே என்று கேட்கும். அந்த வினாவுக்கு உயர் நீதிமன்றமே விடையளித்துவிட்டது. முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்திருந்தும் தக்க நடவடிக்கை எடுக்கத் தவறியதன் மூலம் முன்னாள் ஜனாதிபதியும் உயர் அதிகாரிகளும் அடிப்படை உரிமைகளை மீறினர் என்று 2023 சனவரி 12ஆந் திகதி அது தீர்ப்பளித்தது; முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டுமெனவும் கட்டளையிட்டது. தகவல் கைக்கு வந்திருந்தது, கடமையே நிறைவேறவில்லை. இலட்சக்கணக்கானோரின் வழித்தடத்தை அள்ளிக் குவிப்பதால் அந்தக் குறை தீராது.

எனினும், உண்மையான குற்றத்தை விசாரிக்கும் பொலிஸாருக்குக் குறிப்பிட்ட ஒருவரின் பயணப் பதிவு தேவைப்படலாம். அதையும் மறுக்கவில்லை. அவ்வாறாயின் அந்தக் கதவைத் திறக்கும் சாவி எவரிடம் இருக்கவேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அந்தரங்கம் தனியொரு அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. 2015இல் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையைச் சேர்த்தபோது, அவ்வுரிமையைக் கட்டுப்படுத்தத்தக்க காரணங்களுள் ஒன்றாக அந்தரங்கம் இடம்பெற்றது. வாசலில் காவற்காரனாக நிற்க இடம் கிடைத்தது. வீட்டுக்குள் இருக்கை கிடைக்கவில்லை. அயலிலுள்ள இந்தியாவில், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஓகஸ்ட் 24ஆந் திகதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்த்தனர். அமெரிக்க உயர் நீதிமன்றம் 2018 யூனில் கார்ப்பென்டர் வழக்கில் இன்னொரு படி சென்றது. ஒரு மனிதன் 127 நாட்கள் சென்று வந்த இடங்களைக் காட்டும் 12,898 பதிவுகளைத் தொலைபேசிக் கம்பெனியிடமிருந்து பொலிஸார் முறையான பிடியாணையின்றிப் பெற்றது சட்டவிரோதம் என்றது. தகவலைக் கம்பெனியிடம் தந்துவிட்டாய், ஆகவே உனக்கு உரிமையில்லை என்ற அரசாங்க வாதம் அங்கே தோற்றது.

நம் நாட்டிலும் ஒரு தொடக்கம் உண்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அச்சட்டத்தின் கீழான விசாரணையில் சேவை வழங்குவோரிடமிருந்து விபரம் பெற நீதவானின் பிடியாணை வேண்டும் என்கிறது. ஆனால் அவசரமென்றும், சான்று அழியுமென்றும் கருதினால் பிடியாணையின்றியும் பெறலாம் என்று ஒரு பக்கக் கதவையும் திறந்துவைத்திருக்கின்றது. பக்கக் கதவு இருக்கும் வீட்டில் முன்வாசற் பூட்டால் என்ன பயன்? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடு என்ற பெயரோடு வந்து எத்தனை தலைமுறையைத் தின்றது என்பதை அறிந்த நமக்கு, ‘அவசரம்’ என்ற சொல்லின் நீளம் தெரியும்.

பின்னர் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தியா இத்தகைய சட்டத்தை 2023இலேதான் இயற்றியது என்பதை நோக்கினால், இலங்கை இதில் முந்திக்கொண்டது என்று பாராட்டலாம். ஒருவரைப் பற்றிய விபரத்தைக் குறித்த நோக்கத்துக்கு மட்டுமே பெறவேண்டும், தேவைக்கு மேற் பெறலாகாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கலாகாது, உரியவர் கேட்டால் காட்டவேண்டும், பிழையிருந்தால் திருத்தவேண்டும். இவை நல்ல விதிகள். மீறுவோர்க்கு ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அது இடமளித்தது. ஆனால் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18ஆந் திகதி நடைமுறைக்கு வரவேண்டியிருந்த வேளையில் அது பின்போடப்பட்டது, திருத்தமும் வந்தது. சட்டம் அச்சில் ஏறுவது ஒன்று. மக்களின் வாசலுக்கு வந்து சேர்வது இன்னொன்று.

அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளியை இச்சபையில் உள்ள சட்டத்தரணிகள் கவனிக்க வேண்டும். இனம், சமயம், அரசியற் கருத்து, உடல்நலம் ஆகியவற்றை வெளிப்படுத்தும் தகவலை விசேட வகை என்று வகுத்து, அதற்கு மேலதிகக் காப்பளித்துள்ளது. இருப்பிடத் தகவலோ, தனிப்பட்ட தகவல் என்ற பொது வகையில் மட்டும் பெயர் சொல்லப்பட்டுள்ளது. ஓராண்டுப் பயணப் பதிவு இனத்தையும் சமயத்தையும் நோயையும் அரசியலையும் ஒருங்கே சொல்லிவிடும் என்று சற்று முன்னர் கண்டோம். நான்கு இரகசியங்களுக்குத் தனித்தனிப் பூட்டுப் போட்டுவிட்டு, நான்கையும் திறக்கும் ஒரே சாவியைத் திண்ணையில் வைத்ததற்கு இது ஒப்பாகும்.

மேலும், தேசிய பாதுகாப்பு, குற்ற விசாரணை முதலியவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. சட்டத்தால் விதிக்கப்பட்டதாயும், அவசியமானதாயும், அளவோடு கூடியதாயும் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அங்கே எழுதப்பட்டிருக்கின்றது. நிபந்தனை நல்லது. அதை அளந்து பார்ப்பவர் யார்? 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதிகாரசபையின் உறுப்பினரை நியமிப்பவர் ஜனாதிபதி. நிறைவேற்று அதிகாரத்தின் கையை அளக்கவேண்டிய அளவுகோலை அந்தக் கையே தெரிந்தெடுக்கின்றது.

உழவருக்கும் இதில் பங்குண்டு

இவ்வுரையைப் பத்திரிகையில் படிக்கும் வன்னி, யாழ்ப்பாண, மட்டக்களப்பு உழவர் பெருமக்கள், இது கொழும்பாரின் கவலை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2022 யூலையில் எரிபொருளுக்காகத் தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தபோது, அடையாள அட்டை இலக்கமும் வாகன இலக்கமும் கொடுத்துப் பதியாதவருக்குப் பெற்றோல் இல்லை. பஞ்ச காலத்தில் பங்கிட்டுக் கொடுக்க அது உதவியது என்பது மெய். பஞ்சம் தணிந்தபின் அந்த விபரங்கள் என்னவாகும் என்று அன்று வரிசையில் நின்ற எவரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை. அவசரத்தில் கொடுத்த விபரம் அவசரம் தீர்ந்ததும் தானாகத் திரும்பி வராது.

இன்னொன்று. கிளிநொச்சியிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறி பேலியகொடைச் சந்தைக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது விற்பவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அது அவருக்குப் பலம். லொறி குருநாகலைத் தாண்டிவிட்டது, இனித் திரும்பாது என்று வாங்குபவரும் தம் தொலைபேசியில் பார்த்திருந்தால், விலையைத் தீர்மானிப்பவர் அவராவார். அழுகும் பொருளை வைத்திருப்பவனின் இருப்பிடம் மற்றவனுக்குத் தெரிவது அரைவாசிப் பேரம் தோற்றதற்குச் சமம். லொறிக்குக் கருவி பூட்டும்போது அதன் விபரத்தை யார் யார் பார்க்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசியிலே நொடியில் கடன் தரும் செயலிகளையும் எச்சரிக்கையோடு அணுகுங்கள். இந்தியாவில் அத்தகைய சில செயலிகள் கடன் வாங்கியவரின் தொலைபேசியிலுள்ள உறவினர் இலக்கங்களையெல்லாம் எடுத்து, தவணை தவறியதும் அவர்களை அழைத்து மானங்கெடுத்தின. 2022 செப்டம்பரில் இந்திய ரிசேர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு இலக்கங்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடலாகாது என்று தடுக்க வேண்டியதாயிற்று. வட்டிக்காரனுக்கு வயலை ஈடு வைத்த காலம் உண்டு. உறவையும் ஈடு வைக்கும் காலம் வந்துவிடக் கூடாது.

நம் வீட்டுக் குறை

அரசாங்கத்தையும் நிறுவனத்தையும் மட்டும் குற்றஞ்சொல்லி அமர்வது எனக்கு உடன்பாடன்று. அண்மையில் ஒரு பெண்மணி ஆலோசனை கேட்டு வந்தார். வீட்டுக்குப் பொருள் கொண்டுவந்த இளைஞன், விநியோகத்துக்காகக் கிடைத்த இலக்கத்தை வைத்துக்கொண்டு இரவில் செய்தி அனுப்பத் தொடங்கினான். அவன் நம்மவனே. நிறுவனம் பெரிய திருட்டு எதையும் செய்யவில்லை. பொருளைச் சேர்ப்பித்த பின்னரும் இலக்கத்தை அவன் கண்ணுக்கு மறைக்காமல் விட்டது. இடையிலே ஒரு மாற்று இலக்கத்தைக் காட்டும் எளிய ஏற்பாடு இருந்திருந்தால், அந்தப் பெண்மணி வீடு மாறுவது பற்றி யோசித்திருக்க மாட்டார்.

நம் அடுக்குமாடிகளின் வாசற் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். வருபவரின் பெயர், இலக்கம், யாரைப் பார்க்க வந்தார் என்பதெல்லாம் எவரும் புரட்டத்தக்கதாய்த் திறந்து கிடக்கின்றன. கலியாணம் பேசுமுன் பெண் எந்த நேரம் எங்கே போகிறாள் என்று அறிந்த சாரதியிடம் விசாரிக்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. மகளின் பாதுகாப்புக்காக வைத்த கண், மகளின் மேலேயே காவலாய் மாறுவதும் உண்டு. வயது வந்த பிள்ளையின் சம்மதத்தோடு பார்ப்பது பாதுகாப்பு. சம்மதமின்றிப் பார்ப்பது வேவு.

சாரதிகளையும் மறந்துவிடலாகாது. பயணியை அரைமணி நேரமே பின்தொடரும் கருவி, சாரதியைப் பன்னிரண்டு மணி நேரம் பின்தொடர்கிறது. எங்கே நின்றார், எந்த அழைப்பை மறுத்தார் என்ற கணக்கின் மேல் அவர் பிழைப்புத் தங்கியிருக்கிறது. அந்தக் கணக்கைத் தாமே பார்த்து, பிழையிருந்தால் மறுத்துரைக்கும் உரிமை அவருக்கும் வேண்டும்.

நாம் கேட்கவேண்டியவை

அன்பர்களே, நம் கோரிக்கையை மூன்று வினாக்களில் அடக்கலாம்: எதற்காக எடுக்கிறாய்? எவ்வளவு காலம் வைத்திருப்பாய்? யார் திறக்கலாம்? இவற்றின் அடிப்படையில் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, இருப்பிடப் பதிவைச் சட்டம் விசேட வகையாகக் கருதவேண்டும். இரண்டாவது, முறைப்பாட்டுக்கும் கணக்குக்கும் தேவையான குறித்த காலம் கடந்ததும், பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் பெயரோடு சேர்த்து வைத்திருத்தல் ஒழியவேண்டும். அக்காலம் எத்தனை நாள் என்று பகிரங்கமாக அறிவிக்கப்படவேண்டும். மூன்றாவது, எந்தப் பொலிஸ் அதிகாரிக்கும் நீதவானின் எழுத்துமூலக் கட்டளையின்றி ஒருவரின் பயணப் பதிவு கொடுக்கப்படலாகாது. உயிராபத்தில் முன்னரே கொடுக்க நேர்ந்தால், மறுநாளே நீதவானுக்குக் காரணம் சொல்லப்படவேண்டும். ஆண்டுதோறும் எத்தனை கோரிக்கை வந்தது, எத்தனை மறுக்கப்பட்டது என்ற தொகையை நிறுவனங்கள் வெளியிடவேண்டும். நான்காவது, நிபந்தனைகள் தமிழில் இருக்கவேண்டும். 1956இல் ஒரு மொழியை மட்டும் அரியணையேற்றிய சட்டத்தால் பட்டது போதும். 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. வாசிக்க முடியாத மொழியில் எழுதிய நிபந்தனைக்கு ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று விரல் வைப்பது, வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பதற்கு ஒப்பானது. ஐந்தாவது, தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை நிறைவேற்று அதிகாரத்தின் நிழலிலிருந்து விலகிச் சுயாதீனமாக நிற்கவேண்டும்.

இவை தமிழருக்கு மட்டும் கேட்கும் சலுகைகள் அல்ல. 2019க்குப் பின் முசுலிம் சகோதரர் அனுபவித்ததும், 2022இல் காலிமுகத் திடலில் நின்ற சிங்கள இளைஞர் அஞ்சியதும் இதே கண்ணுக்குத்தான். பட்டியல் எந்த இனத்தையும் விழுங்கும். ஆகவே இது மூவினத்தாரும் ஒருங்கே நின்று கேட்கத்தக்க உரிமை.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டாம். செயலியைப் பயன்படுத்தும் வேளையில் மட்டும் இருப்பிடம் அறிய அனுமதியுங்கள். ‘எப்போதும்’ என்ற அனுமதியை நீக்குங்கள். வீட்டு வாசலுக்குப் பதிலாகச் சந்தியைக் குறிப்பிடலாம். பழைய பதிவை அழிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பதிலின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

இறுதியாக, கொழும்பின் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் நம் இளைஞருக்கு ஒரு வார்த்தை. வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் இரகசியம் காக்கும் தருமம் உண்டு. இன்று ஒரு வைத்தியர் அறிவதிலும் அதிகமாக அறிவது நீங்கள் எழுதும் செயலி. தேவையற்ற விபரத்தைத் திரட்டு என்று மேலாளர் பணிக்கும் நாளில், எதற்காக, எவ்வளவு காலம், யார் திறக்கலாம் என்ற மூன்று வினாக்களையும் அந்த மேசையிலேயே எழுப்புங்கள். ஒரு பட்டியல் எழுதப்படும் வேளையில் கேட்கப்படும் கேள்விக்கு உள்ள வலிமை, அது தவறான கைக்குப் போனபின் நீதிமன்றத்தில் நான் எழுப்பும் ஆயிரம் கேள்விகளுக்கு இல்லை.